பின்கட்டில் இன்னொரு வீடு: அமெரிக்க மாநிலச் சட்டங்களும் தீராத கேள்விகளும்

ஒருவர் தன் சொந்த மனையில், தான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு சிறிய வீட்டைக் கட்டிக்கொள்ள யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும்? அக்கம்பக்கத்தாரிடமா, ஊர் நிர்வாகத்திடமா, மாநில அரசிடமா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குக் கடந்த நூறாண்டில் மூன்று விடைகள் சொல்லப்பட்டுள்ளன. 1920களில் பரவிய விடை, கட்டவே கூடாது என்பது. 1980களில் அது, ஊர் விரும்பினால் கட்டலாம் என்று தளர்ந்தது. 2016க்குப் பிறகு கலிபோர்னியாவில் உறுதிப்பட்டு மற்ற மாநிலங்களுக்கும் பரவிவரும் மூன்றாவது விடை, விதிகளுக்குப் பொருந்தினால் ஊர் மறுக்க முடியாது என்பது.

இந்தச் சிறு வீடுகளைச் சட்ட வழக்கில் 'ஏ.டி.யு.' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பேச்சு வழக்கில் பாட்டி வீடு, மாமியார் வீடு என்ற பொருள் தரும் பெயர்கள் உண்டு. தோட்டத்தில் தனியாக நிற்பது, முதன்மை வீட்டோடு ஒட்டியிருப்பது, கார் நிறுத்தும் கேரேஜையோ நிலவறையையோ வீடாக மாற்றியது எனப் பல வகை. இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் 'துணை வீடு' என்றே குறிப்பிடுகிறேன். மாநிலச் சட்டங்களை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் முன்வைக்கும் நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் பலவீனப்படுகிறது என்று பார்ப்பதே நோக்கம்.

தடை எப்படி வந்தது

மண்டல விதிகள் வருவதற்கு முன்பு ஒரு மனையில் இரண்டு வீடுகள் இருப்பது அமெரிக்க நகரங்களில் சாதாரணம். பின்சந்தை ஒட்டிய குதிரைவண்டிக் கொட்டகையின் மாடியில் வேலையாட்கள் தங்கினார்கள். நிலவறைகளும் மேல்தளங்களும் வாடகைக்கு விடப்பட்டன. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 1916இல் ஒரு மனைக்கு ஒரு குடும்பம் மட்டுமே என்ற மண்டலத்தை வகுத்தது. நாட்டிலேயே முதன்முதலில் அப்படிச் செய்த நகரங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1920களில் மத்திய வணிகத் துறை வெளியிட்ட மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி, நிலப் பயன்பாட்டை வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்கள் ஊர்களிடம் ஒப்படைத்தன. 1926இல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை அரசியலமைப்புக்கு உட்பட்டதென ஏற்றது. தனிவீட்டுப் பகுதிக்குள் வரும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணி என்றே அந்தத் தீர்ப்பு வர்ணித்தது.

இந்தத் தடைகளின் உள்நோக்கம் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. இன அடிப்படையில் குடியிருப்பைப் பிரிக்கும் ஊர்ச் சட்டங்களை 1917இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், அதே வேலையை வருமான வழியில் செய்யத் தனிவீட்டு மண்டலங்கள் பயன்பட்டன என்பது ஒரு தரப்பு. புகை, நெரிசல், தீ விபத்து குறித்த அச்சமும், ஆயுள் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய வீட்டின் மதிப்பைக் காக்கும் எண்ணமுமே முதன்மையானவை என்பது மறுதரப்பு. இரண்டும் ஊருக்கு ஊர் வெவ்வேறு அளவில் கலந்திருந்தன என்று சொல்வதே பாதுகாப்பானது.

மண்டல விதிகள் வீடுகளை எண்ணியதோடு நிற்கவில்லை. குடும்பம் என்றால் யார் என்றும் வரையறுத்தன. நியூயார்க் மாநிலத்தின் பெல் டெர் கிராமத்தில் உறவில்லாத ஆறு மாணவர்கள் ஒரே வீட்டில் குடியிருந்ததைத் தடுத்த விதியை 1974இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஒஹையோவின் ஈஸ்ட் கிளீவ்லாந்தில், வெவ்வேறு பிள்ளைகளுக்குப் பிறந்த இரண்டு பேரன்களைத் தன்னோடு வைத்திருந்த பாட்டிக்குத் தண்டனை விதித்த விதியை 1977இல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. துணை வீட்டில் உறவினர் மட்டும் இருக்கலாமா, வாடகைக்கு வருபவரும் இருக்கலாமா என்று பின்னாளில் எழுந்த விவாதத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இன்னொரு சட்ட நுணுக்கமும் கவனத்துக்குரியது. மண்டல அதிகாரம் மாநிலம் ஊருக்குக் கொடுத்தது. கொடுத்த கை திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இன்றைய மாநிலச் சட்டங்கள் நிற்பது இந்த அடித்தளத்தில்தான். திரும்ப வாங்குவது சட்டப்படி கூடுமா என்பதைவிட, அரசியலில் நடக்குமா என்பதுதான் பெரும்பாலும் கேள்வியாக இருந்திருக்கிறது.

'ஊர் விரும்பினால்' என்ற விடை

1981இல் ஹவாய், மாவட்ட நிர்வாகங்கள் தனிவீட்டு மனைகளில் இரண்டாவது வீட்டுக்கு இடமளிக்க வேண்டும் என்றது. குடும்பம் என்று பொருள்படும் ஹவாய்ச் சொல்லால் 'ஒஹானா வீடு' என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பாடு, கழிவுநீர்க் குழாய்களின் கொள்ளளவு போதாமை, அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு ஆகியவற்றில் சிக்கியது. பின்னர் ஹொனலுலுவில் அது உறவினருக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. 1982இல் கலிபோர்னியா, ஊர்கள் தங்கள் விதிப்படி துணை வீடுகளை அனுமதிக்கலாம் என்று சட்டம் செய்தது. 1993இல் வாஷிங்டன் மாநிலம், துணை வீடுகளுக்கு இடமளிக்கும் கடமையைப் பெரிய நகரங்களுக்கு விதித்தது. 2000இல் மூத்தோர் அமைப்பான ஏ.ஏ.ஆர்.பி. எல்லா மாநிலங்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தளித்தது.

விளைவு சொற்பம். காரணத்தைக் கலிபோர்னியா நகரங்களின் விதிப் புத்தகங்களிலேயே காணலாம். துணை வீட்டுக்குப் பொது விசாரணை தேவையில்லை, விதி பொருந்தினால் அனுமதி தர வேண்டும் என்று 2002இல் அந்த மாநிலம் திருத்தம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் நகரங்கள் தாளில் அனுமதித்துவிட்டு, துணை நிபந்தனைகளால் தடுத்துவந்ததை மார்கரெட் பிரினிக், நிக்கோல் கார்னெட் ஆகிய சட்ட ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாகப் பட்டியலிட்டார்கள்.

சான்டா மோனிகா நகரம் இதற்கு நல்ல உதாரணம். துணை வீட்டில் உரிமையாளரைச் சார்ந்திருப்போரோ அவரைப் பராமரிப்போரோ மட்டுமே தங்கலாம் என்று அந்த நகரம் விதித்தது. ஒருவர் யாரோடு வாழ்கிறார் என்பதில் நகரம் தலையிட முடியாது என்று 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது.

தடை இருந்ததால் துணை வீடுகள் இல்லாமலும் போய்விடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் 1987இல் நடத்திய கணக்கெடுப்பு, லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் ஏறத்தாழ 42,000 கேரேஜ்களில் சுமார் 2 லட்சம் பேர் குடியிருப்பதாக மதிப்பிட்டது. அனுமதியின்றிக் கட்டப்பட்ட துணை வீடுகள் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வினித் முகீஜா, இவை நகரத்தின் வீட்டுத் தேவையில் கணிசமான பங்கை மறைமுகமாகச் சுமக்கின்றன என்று வாதிடுகிறார். ஆகவே தடையின் மெய்யான பலன் வீடுகள் குறைந்ததா, அல்லது இருந்த வீடுகள் பாதுகாப்பற்றவையாக மறைவில் பெருகியதா என்பது நியாயமான கேள்வி.

ஒரு மனையில் விதிகள் செய்யும் வேலை

'அனுமதி உண்டு, ஆனால் கட்ட முடியாது' என்ற நிலையைப் புரிந்துகொள்ள, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் காணப்படும் மாதிரி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 அடி அகலம், 130 அடி நீளம். முன்பக்கம் வீடு. பக்கவாட்டில் கார் செல்லும் குறுகிய பாதை. பின்மூலையில், மதிலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, இரண்டு கார் நிற்கும் கேரேஜ். சுமார் 400 சதுர அடி. உரிமையாளர் கேரேஜை ஒற்றை அறை வீடாக மாற்ற நினைக்கிறார்.

2016க்கு முன்பு பல கலிபோர்னிய நகரங்களில் இருந்த விதிகளை இந்த மனையில் பொருத்திப் பார்க்கலாம். குடியிருப்புக் கட்டடத்துக்கும் மதிலுக்கும் ஐந்து அடி இடைவெளி வேண்டும். அப்படியானால் கேரேஜின் சுவரை இடித்துத் தள்ளிக் கட்ட வேண்டும். தெருவிலிருந்து துணை வீட்டு வாசல்வரை 10 அடி அகலத்துக்கு வானம் பார்த்த நடைபாதை வேண்டும். முன்வீட்டின் ஒரு பகுதியை இடிக்காமல் அதற்கு வழியில்லை. கேரேஜ் வீடாகிவிட்டால் அங்கே நின்ற இரண்டு கார்களுக்குக் கூரையிட்ட மாற்றிடம் வேண்டும். துணை வீட்டில் வரப்போகிறவருக்காக இன்னொரு காருக்கும் இடம் வேண்டும். குறைந்தபட்ச மனையளவு 7,500 சதுர அடி என்றிருந்தால் 6,500 சதுர அடி மனைக்காரர் விண்ணப்பமே போட முடியாது. இத்தனையையும் தாண்டினால் குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணமும், பள்ளிக்கும் பூங்காவுக்குமான வளர்ச்சிக் கட்டணமும் காத்திருக்கும். உரிமையாளர் அங்கேயே குடியிருப்பார் என்ற உறுதிமொழியைப் பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை எதுவும் விபரீதமாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். எல்லாம் சேரும்போதுதான் தடையாகின்றன. இதில் கார் நிறுத்துமிட விதியின் பங்கு தனிக் கவனம் பெற்றது. கட்டாய நிறுத்துமிடம் வீட்டின் விலையை உயர்த்தும் மறைமுக வரி என்று 2005இல் நூலாகவே எழுதிய டொனால்ட் ஷூப்பின் வாதம், பின்வந்த சட்டங்களின் வரைவிலும் எதிரொலிக்கிறது.

2016: மாநிலம் கையைக் கட்டுகிறது

2016இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 1069, ஏ.பி. 2299 ஆகிய இரண்டு சட்டங்கள் கலிபோர்னியாவில் திருப்புமுனையாயின. நடைபாதை நிபந்தனை நீங்கியது. பொதுப் போக்குவரத்துக்கு அரை மைல் சுற்றில் நிறுத்துமிடம் கேட்கக் கூடாது என்றானது. 2019இல் வந்த ஏ.பி. 68, ஏ.பி. 881, எஸ்.பி. 13 ஆகியவை இன்னும் இறுக்கின. மனைக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கக் கூடாது. மாற்றப்பட்ட கேரேஜுக்கு ஈடாக நிறுத்துமிடம் கேட்கக் கூடாது. முழு விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் தர வேண்டும். 750 சதுர அடிக்குக் குறைந்த துணை வீட்டுக்கு வளர்ச்சிக் கட்டணம் கிடையாது. பக்கத்திலும் பின்புறத்திலும் நான்கடி விட்டால் 800 சதுர அடி வீட்டை எந்த ஊரும் மறுக்க முடியாது. குடியிருப்போர் சங்கங்கள் தனியார் ஒப்பந்தங்கள் மூலம் விதித்த தடைகளையும் அதே ஆண்டு இன்னொரு சட்டம் செல்லாதவையாக்கியது. மேலே கண்ட மனையின் கேரேஜ் இப்போது இருக்கிற சுவர்களோடு, இருக்கிற இடத்திலேயே வீடாகலாம்.

2016இல் மாநிலம் முழுவதும் ஆயிரத்தை ஒட்டியிருந்த ஆண்டு அனுமதி எண்ணிக்கை, 2022 வாக்கில் 20,000ஐத் தாண்டியது. புதிய வீட்டு அனுமதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று துணை வீடு. 34 ஆண்டு வெறும் அனுமதி தராத பலனை நிபந்தனைகளை நீக்கிய சில ஆண்டுகள் தந்தன என்று ஆதரவாளர்கள் சொல்வதற்கு இதுவே ஆதாரம். வாடகையும் வீட்டு விலையும் இதே காலத்தில் வேகமாக ஏறியதையும், முன்பு மறைவில் கட்டப்பட்டவற்றில் ஒரு பகுதி இப்போது கணக்கில் வருவதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

ஓரிகனின் போர்ட்லாந்து நகரம் இதே எச்சரிக்கையை வேறு வழியில் தருகிறது. 2010இல் அந்த நகரம் துணை வீட்டுக்கான வளர்ச்சிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. ஆண்டுக்குச் சில பத்துகளாக இருந்த அனுமதிகள் 2016இல் 500ஐத் தாண்டின. கட்டணம்தான் தடையாக இருந்தது என்று பலரும் முடிவு கட்டினார்கள். ஆனால் கட்டணம் தள்ளுபடியான அதே 2010இல் அனுமதிக்கப்பட்ட அளவும் கூட்டப்பட்டது. பொருளாதார மந்தத்திலிருந்து நகரம் மீண்டதும் அதே காலம். இடையில் குறுகிய கால வாடகையும் சட்டபூர்வமாயிற்று. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

மற்ற மாநிலங்களின் மூன்று வழிகள்

கலிபோர்னியாவுக்குப் பின் வந்த சட்டங்களைக் கட்டாயத்தின் அளவைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, விவரங்களையும் மாநிலமே வகுப்பது. வாஷிங்டன் 2023இல் நிறைவேற்றிய எச்.பி. 1337, நகர வளர்ச்சி எல்லைக்குள் ஒவ்வொரு மனையிலும் இரண்டு துணை வீடுகளுக்கு இடம் தந்தது. வளர்ச்சிக் கட்டணம் முதன்மை வீட்டுக்குரியதில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது. மாசசூசெட்ஸில் 2024இல் ஆளுநர் மோரா ஹீலி கையெழுத்திட்ட சட்டம், 900 சதுர அடி அல்லது முதன்மை வீட்டின் பாதி, இவற்றில் சிறியது எதுவோ அந்த அளவுவரை உரிமையாகவே கட்டிக்கொள்ளலாம் என்றது. 2025 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. தனிச் சட்டத்தின் கீழ் மண்டல விதிகளை வகுக்கும் பாஸ்டன் நகரம் அதன் வரம்புக்குள் வரவில்லை.

இரண்டாவது வகை, ஊரின் அளவைப் பார்த்துக் கடமையை விதிப்பது. 2024இல் அரிசோனா 75,000க்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களையும், ஓரிகன் அதற்கு முன்பே 2017இல் 2,500க்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களையும் கட்டாயப்படுத்தின.

மூன்றாவது வகை, விலகும் வாசலைத் திறந்து வைப்பது. கனெக்டிகட் 2021இல் துணை வீடுகளை உரிமையாக்கியது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு விலகிக்கொள்ளவும் ஊர்களை அனுமதித்தது. பல ஊர்கள் விலகிக்கொண்டன. நியூயார்க்கிலோ சட்டமே வரவில்லை. ஆளுநர் கேத்தி ஹோக்கல் முன்வைத்த திட்டம் புறநகர் எதிர்ப்பால் 2022இல் திரும்பப் பெறப்பட்டது. கட்டுவோருக்கு நிதியுதவி தரும் திட்டம் மட்டும் மிஞ்சியது.

இந்தப் பட்டியலில் கட்சி எல்லைகள் குலைவதும் கவனிக்கத்தக்கது. குடியரசுக் கட்சி ஆளும் மொன்டானா 2023இல் துணை வீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது சொத்துரிமை ஒரு முக்கிய நியாயமாகச் சொல்லப்பட்டது. ஜனநாயகக் கட்சி ஆளும் மாநிலங்கள் அதே விதியை வீட்டுப் பற்றாக்குறை, சமத்துவம் ஆகியவற்றின் பெயரில் கொண்டுவந்தன. எதிர்ப்பும் அதேபோல் இரு கட்சிப் புறநகர்களிலிருந்தும் வருகிறது.

ஆதரவாளர்களின் வாதங்கள்

ஆதரவு ஒரே குரலில் இல்லை. முதல் தரப்பு பொருளியல் சார்ந்தது: வீடுகள் போதாததால் வாடகை ஏறுகிறது, சாலை, குழாய், மின்கம்பி ஏற்கெனவே உள்ள இடத்தில் வீடுகளைச் சேர்ப்பது மலிவு. புதிய நிலம் வாங்க வேண்டியதில்லை என்பதே துணை வீட்டின் பெரிய சலுகை. இந்த வாதத்தின் பலவீனம் அளவில் இருக்கிறது. கலிபோர்னியாவின் 2022ஆம் ஆண்டுத் திட்டம் எட்டாண்டில் 25 லட்சம் வீடுகள் தேவை என்கிறது. ஆண்டுக்கு 25,000 துணை வீடுகள் என்றே வைத்தாலும் எட்டாண்டில் 2 லட்சம்தான்; தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இது துணை வீட்டைத் தள்ளுவதற்கான காரணமாகாது. அதைத் தனியொரு தீர்வாகக் காட்டுவதற்குத் தடை.

இரண்டாவது தரப்பு குடும்பம், முதுமை சார்ந்தது. வயதானவர்கள் பிள்ளைகளுக்கு அருகில் தனிவாசலோடு வாழலாம். பெரிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர்களே சிறிய வீட்டுக்கு மாறலாம். பராமரிப்பாளர் பக்கத்திலேயே தங்கலாம். ஏ.ஏ.ஆர்.பி. இருபதாண்டுக்கு மேலாக இதை வலியுறுத்துகிறது. இதில் ஒரு முரண் உண்டு. உறவினர் இலவசமாகத் தங்கும் வீடு அந்தக் குடும்பத்துக்குப் பயன்படுகிறது. வாடகைச் சந்தைக்கு நேரடியாக வருவதில்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி ஆட்சிமன்றங்களின் கூட்டமைப்பு, துணை வீடுகளில் 60 விழுக்காட்டைக் குறைந்த, மிகக் குறைந்த வருமானத்தினருக்கானவையாகக் கணக்கில் கொள்ளலாம் என்று நகரங்களுக்கு வழிகாட்டியது. வாடகையில்லாமல் தங்கும் உறவினரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது முறையா என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். நகரங்களுக்கோ அடுக்குமாடி மலிவு வீடுகளுக்கு இடம் ஒதுக்குவதைவிட இந்தக் கணக்கு வசதியானது.

மூன்றாவது தரப்பு ஒருங்கிணைப்பு சார்ந்தது. நல்ல பள்ளிகள் உள்ள வசதியான பகுதிகளில் சிறிய வாடகை வீடுகள் வந்தால், இதுவரை உள்ளே நுழைய முடியாதவர்கள் நுழையலாம். கொள்கையளவில் இது வலுவான வாதம். ஆனால் துணை வீடு எங்கே வரும் என்பது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. வாடகை வருமானம் தேவைப்படாத பணக்காரப் பகுதிகளில் அது விருந்தினர் அறையாகவோ அலுவலகமாகவோ முடிய வாய்ப்புண்டு.

எதிர்ப்பாளர்களின் வாதங்கள்

எதிர்ப்பும் ஒரே வகையானதல்ல. மிகப் பழையது ஊர்த் தன்னாட்சி வாதம். குழாயும் பள்ளியும் தெருவும் ஊரின் பொறுப்பு என்றால் எத்தனை வீடு என்று தீர்மானிப்பதும் ஊரிடமே இருக்க வேண்டும் என்கிறது அது. இதற்கு எதிராக ஜான் இன்ஃப்ரான்கா, அனிகா சிங் லெமார் போன்ற சட்ட அறிஞர்கள், ஓர் ஊரின் தடை அடுத்த ஊரின் வாடகையை ஏற்றுவதால் இது ஊர் எல்லையைத் தாண்டிய பிரச்சினை என்கிறார்கள். பொருளியலாளர் வில்லியம் ஃபிஷெல் 2001இல் முன்வைத்த விளக்கமும் இங்கே உதவும்: வீடுதான் ஒரே பெரிய சொத்து என்பதால், அதற்குக் காப்பீடு எடுக்க முடியாத உரிமையாளர்கள் ஊர்த் தேர்தலைக் காப்பீடாகப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் ஊர்த் தன்னாட்சி என்பது நடைமுறையில் ஏற்கெனவே வீடு வைத்திருப்போரின் தன்னாட்சி ஆகிவிடுகிறது. இனி குடிவரக்கூடியவருக்கு அங்கே வாக்கில்லை.

அடுத்தது உள்கட்டமைப்பு. தனித்தனி கழிவுத் தொட்டிகளை நம்பிய ஊர்களிலும், காட்டுத்தீ அபாயமுள்ள குறுகிய மலைச்சாலைகளிலும் இது பொருட்படுத்த வேண்டிய வாதம். ஹவாயின் பழைய அனுபவமே சாட்சி. ஆனால் எல்லா மனைக்கும் ஒரே தடையை நியாயப்படுத்த இதைப் பயன்படுத்தும்போது பலவீனப்படுகிறது. குழாய் தாங்காத பகுதியை ஆய்வு செய்து விலக்கு கேட்பது வேறு. குழாயைக் காரணம் காட்டி ஊரையே பூட்டுவது வேறு.

மூன்றாவது வாதம் இடதுசாரித் தரப்பிலிருந்து வருகிறது. கட்டும் உரிமை கூடினால் மனை விலை கூடும். அதனால் வாங்க வருபவருக்கு வீடு எட்டாமல் போகும் என்பது அது. சிகாகோவில் கட்டட அடர்த்தி உயர்த்தப்பட்ட பகுதிகளில் விலை உடனே ஏறியதையும் அனுமதிகள் உடனே கூடாததையும் ஆய்வாளர் யோனா ஃப்ரீமார்க் 2019இல் காட்டினார். அந்த ஆய்வு ரயில் நிலையங்களை ஒட்டிய கட்டடங்களைப் பற்றியது. துணை வீடுகளுக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. சில இடங்களில் மட்டும் உரிமை கூடும்போது விலை அங்கே குவியும். மாநிலம் முழுவதும் கூடும்போது அந்த விளைவு மட்டுப்படலாம் என்பது எதிர்வாதம்.

நான்காவது வாதம் சட்டம் சார்ந்தது. மொன்டானாவின் சட்டங்களை எதிர்த்து வழக்குத் தொடுத்த வீட்டுரிமையாளர்கள், தனியார் ஒப்பந்தத் தடை உள்ள பகுதிகளுக்கு இந்தச் சட்டம் பாயாததால் தங்கள் தெரு மட்டும் மாற்றத்தைச் சுமக்கிறது என்றார்கள். 2023 இறுதியில் கீழ் நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. வழக்கின் முடிவு எப்படியிருந்தாலும் இந்த வாதம் ஓர் உண்மையைத் தொடுகிறது. தனியார் ஒப்பந்தங்களையும் சேர்த்துக் கலிபோர்னியா செல்லாதவையாக்கியதற்கும் மொன்டானா அவற்றைத் தொடாமல் விட்டதற்கும் இடையே, யார் மனையில் மாற்றம் வரும் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

உரிமையாளர் அங்கேயே இருக்க வேண்டுமா

இன்று கூர்மையாக நடக்கும் விவாதம் இது. உரிமையாளர் மனையிலேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை தெருவின் ஒழுங்கைக் காக்கும், முதலீட்டு நிறுவனங்கள் வீடுகளை வாங்கிக் குவிப்பதைத் தடுக்கும் என்பது ஒரு பக்கம். வாடகை வீட்டு மனைகளையெல்லாம் அது விலக்கிவிடும், உரிமையாளர் இடம்பெயர்ந்தால் துணை வீடு முடங்கும், அதனால் வங்கிகள் கடன் தரத் தயங்கும் என்பது மறுபக்கம். கலிபோர்னியா 2019இல் இந்த நிபந்தனையைத் தற்காலிகமாகவும் 2023இல் நிரந்தரமாகவும் நீக்கியது. சியாட்டில் 2019இல் நீக்கியது. அதற்கு முன்பு ஒரு குடியிருப்போர் மன்றத்தின் முறையீட்டால் நகரம் முழு சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்க வேண்டிவந்து சில ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

நிபந்தனையை நீக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சான் டியேகோ ஓர் உதாரணம். மலிவு வாடகைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு துணை வீட்டுக்கும் கூடுதலாக இன்னொன்று கட்டலாம் என்று நகரம் தந்த சலுகையைப் பயன்படுத்தி, தனிவீட்டு மனைகளில் பத்துக்கணக்கில் துணை வீடுகள் திட்டமிடப்பட்டன. எதிர்ப்பு பெருகி 2025இல் நகர மன்றம் சலுகைக்கு வரம்பு கட்டியது. இதை ஊக வணிகத்தின் சுரண்டல் என்று ஒரு தரப்பும், மலிவு வீடுகளை அரசுப் பணமின்றிப் பெற்ற வழி என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன.

துணை வீட்டைத் தனியாக விற்க அனுமதிப்பதும் இதே விவாதத்தின் தொடர்ச்சி. 2023இல் வந்த ஏ.பி. 1033 அந்த முடிவை நகரங்களிடம் விட்டது. முதலில் ஏற்றவற்றுள் சான் ஹோசே ஒன்று. குறைந்த விலையில் சொந்த வீடு என்ற கனவுக்கு இது வழி. அதேவேளை, வாடகைக்கு வரக்கூடிய வீடுகள் விற்பனைக்குத் திரும்பவும் இது வழி.

சட்டம் தராத பணம்

தடை நீங்கிய பின் மிஞ்சுவது பணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், துணை வீடு கட்டியவர்களின் இடைநிலைச் செலவு சுமார் 1,50,000 டாலர். வீட்டின் மதிப்பை அடகு வைத்துக் கடன் பெறக்கூடியவர்களால்தான் இதைத் திரட்ட முடியும். பழைய கடனை அடைத்து முடித்தவர், வருமானம் நிலையானவர், பொறியாளரோடும் ஒப்பந்ததாரரோடும் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட நேரமுள்ளவர் முந்திக்கொள்கிறார். வாடகையால் மிகவும் பயனடையக்கூடிய, வருமானம் குறைந்த உரிமையாளர் பின்தங்குகிறார்.

இதற்கான பதில்கள் துண்டு துண்டாக வருகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் 2021 முதல் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வரைபடங்களை வழங்குகிறது. பின்னர் மாநிலமே எல்லா நகரங்களையும் அப்படிச் செய்யச் சொன்னது. கலிபோர்னிய வீட்டு நிதி முகமை, கட்டத் தொடங்குமுன் ஆகும் செலவுகளுக்கு 40,000 டாலர்வரை மானியம் தந்தது. நிதி விரைவில் தீர்ந்தது. 2023இல் மத்திய வீட்டு நிர்வாகம், துணை வீட்டின் வாடகையில் ஒரு பகுதியைக் கடன் தகுதிக் கணக்கில் சேர்க்க அனுமதித்தது. மண்டல விதியைத் திருத்துவதற்கு அரசுக்குச் செலவில்லை. கடன் அமைப்பைத் திருத்துவதற்கு உண்டு. சட்டங்கள் முதல் வேலையில் வேகமாகவும் இரண்டாவதில் மெதுவாகவும் நகர்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மதிப்பீடு

நாற்பதாண்டு அனுபவத்திலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. ஒன்று, அனுமதி என்ற சொல்லைவிட அதைச் சுற்றிய நிபந்தனைகளே முடிவைத் தீர்மானித்திருக்கின்றன. 1982க்கும் 2016க்கும் இடைப்பட்ட கலிபோர்னியா இதற்குச் சான்று. இரண்டு, விலகும் உரிமையை ஊர்களுக்குத் தரும் சட்டம், எங்கே தடை கடுமையோ அங்கேயே பயனற்றுப்போகிறது. கனெக்டிகட் இதைக் காட்டுகிறது. மூன்று, துணை வீடுகளின் பங்களிப்பு மெய்யானது; ஆனால் பற்றாக்குறையின் முன் சிறியது.

உறுதியாகச் சொல்ல முடியாதவை அதிகம். வாடகையின் பொதுமட்டத்தை இவை எவ்வளவு குறைத்தன என்பதற்கு, மற்ற காரணங்களைப் பிரித்துக் காட்டும் வலுவான சான்று இன்னும் போதுமானதாக இல்லை. கலிபோர்னியாவில் கிடைத்த பலன், மனை விலை குறைவாகவும் கட்டுமானச் செலவு ஏறத்தாழ அதே அளவாகவும் உள்ள மாநிலங்களில் கிடைக்குமா என்பது ஐயத்துக்குரியது. அங்கே வாடகை வருமானம் கடன் தவணையைக் கட்டப் போதாமல் போகலாம். மாசசூசெட்ஸ் அரசு ஐந்தாண்டில் 8,000 முதல் 10,000 துணை வீடுகளை எதிர்பார்க்கிறது. அந்தக் கணிப்பு நிறைவேறுகிறதா என்பது இந்தக் கேள்விக்குப் பயனுள்ள சோதனையாக அமையும். நிறுவன முதலீட்டாளர்கள் நுழைவது வாடகை வீடுகளைக் கூட்டுமா, சொந்த வீட்டு வாய்ப்பைக் குறைக்குமா என்பதும் தெளிவாகவில்லை.

யார் தீர்மானிப்பது என்ற முதல் கேள்விக்கும் இறுதி விடை கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மாநிலம் தலையிடுவதற்கான நியாயம் வலுவானது. ஏனெனில் இன்னும் குடிவராதவர்களின் நலனை ஊர் மன்றம் பிரதிநிதித்துவப்படுத்துவதில்லை. ஆனால் கழிவுநீர்த் தொட்டியின் கொள்ளளவும் மலைச்சாலையின் அகலமும் ஊருக்குத்தான் தெரியும். தடைசெய்யும் அதிகாரத்தை ஊரிடமிருந்து எடுத்து, அபாயத்தை நிரூபித்து விலக்குப் பெறும் பொறுப்பை மட்டும் அதனிடம் விடுவது இப்போதைக்கு ஏற்கத்தக்க இடைவழியாகத் தெரிகிறது. அந்த விலக்குகளே புதிய தடைச்சுவராக வளர்கின்றனவா என்பதைக் கண்காணிப்பதும், கடன் கிடைக்காத உரிமையாளருக்கு வழி செய்வதும், சட்டம் இயற்றுவதைவிடக் கடினமான அடுத்த கட்டப் பணிகள்.